அண்ணன் கட்டிய கட்டணம்

ரோஸ்டோம் கண் விழித்ததும் கைபேசியைத்தான் பார்த்தான். முந்தின நாள் மாலை அவன் அனுப்பிய காசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னது. அவனால் நம்ப முடியவில்லை. குறைந்தது மூன்று நாளாவது வரிசையில் கிடக்கும் என்று நினைத்திருந்தான், ஏனென்றால் அவன் வைத்த கட்டணம் அத்தனை சொற்பம்.

கிரிப்டோ காசை யார் யாருக்கு அனுப்பினாலும் கூடவே ஒரு கட்டணம் வைக்க வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருந்து அனுப்புவதையெல்லாம் மைனிங் மெஷின்கள் அள்ளி ஒரு பிளாக்காகக் கட்டி மூடுகின்றன. முந்திக்கொண்டு மூடுகிற மெஷினுக்குப் புத்தம் புதுக் காசு வெகுமதி; அந்த பிளாக்குக்குள் சேர்ந்த கட்டணமும் அதற்கே. தாராளமாகக் கட்டணம் வைத்தவன் காசு முதலில் ஏறும், கஞ்சன் காசு மூலையில் கிடக்கும். ரோஸ்டோம், பனிமலையில் இருக்கிற சோலாஷ் கிராமமே அறிந்த கஞ்சன். உருளைக்கிழங்கை மூட்டையோடு விற்றுவிட்டு, பின்னாலேயே போய்ச் சாக்கைத் திருப்பிக் கேட்கிற ஆள்.

அவன் மறுபடி பார்த்தான். கட்டணம் என்ற இடத்தில் அவன் வைத்த எண் இல்லை. அதைப் போல நூறு மடங்கு இருந்தது. பதறிப்போய் வாலட்டைத் திறந்து இருப்பைப் பார்த்தான். அவன் கணக்குக்கு மேல் இருப்பில் ஒரு துளி குறையவில்லை. யாரோ மிச்சத்தைக் கட்டியிருக்கிறார்கள். யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தான், பிறகு சும்மா வந்ததைக் கேள்வி கேட்பானேன் என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் கோழிக்கூண்டுப் பக்கமிருந்து மனைவி லாமாரா கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

“ரோஸ்டோம், இங்க வா. கொஞ்சம் வந்துட்டுப் போ.”

ஏழு கோழிகளும் கம்பின் மேல் வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண்கள் திறந்திருந்தன. லாமாரா ஒன்றை விரலால் லேசாகத் தள்ளினாள். அது அப்படியே சாய்ந்து விழுந்து, விறகுக்கட்டை விழுந்தது போல ஓசை எழுப்பியது. உள்வரை உறைந்திருந்தது.

“ராத்திரி குளிர் ஜாஸ்தியா இருந்திருக்கும்” என்றான் ரோஸ்டோம்.

“குளிரா? இந்தத் தட்டுல தண்ணி அப்படியே இருக்கு பாரு. தண்ணி உறையல, கோழி உறைஞ்சிருக்கு. புத்தி எங்க போச்சு உனக்கு?”

ஒன்பது வயது நெஸ்தான் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு தடக் தடக்கென்று பின்னாலேயே வந்து நின்றாள். அவளுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். “அப்பா, அதுங்க தூங்கும்போதே செத்துச்சா? வலிச்சிருக்குமா? இப்ப அடுப்பு கிட்ட வெச்சா திரும்பி வந்துடுமா?” என்று அடுக்கினாள். ரோஸ்டோம் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, செத்த கோழிகளைச் சாக்கில் போட்டான். ஒவ்வொன்றும் சாக்குக்குள் முட்டி மோதி ஓசைப்பட்டது.

மலைக்காரர்களுக்கு மின்சாரம் இலவசம். இலவசம் என்றால் மனிதன் சும்மா இருப்பானா? இரண்டு வருஷத்துக்கு முன் சோலாஷில் மாடு இல்லாத கொட்டகை உண்டு, மெஷின் இல்லாத கொட்டகை கிடையாது. ராப்பகலாக ஊரே தேனீக்கூடு மாதிரி ரீங்கரித்தது. ஜனவரி மாதம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, ஒன்பது நாள் ஊர் இருட்டில் கிடந்தது. பிரசவத்துக்கு ஒருத்தியை மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பெரியவர்கள் கூடினார்கள். போலீஸைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு ஒரு ஆண் சர்ச்சுக்கு வந்து புனித கியோர்கியின் படத்தைத் தொட்டு, மெஷின் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள்.

இந்த மலையில் போலீஸிடம் பொய் சொல்வது ஒரு பொழுதுபோக்கு. படத்தைத் தொட்டுப் பொய் சொல்லிவிட்டு நன்றாக வாழ்ந்தவன் என்று ஒருவனையும் யாரும் காட்ட முடியாது. கொட்டகை கொட்டகையாக மெஷின்கள் வெளியே வந்தன, அடிமாட்டு விலைக்குப் போயின. ரோஸ்டோமுக்கு மட்டும் மனம் வரவில்லை. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

அவன் முற்றத்தின் எதிரே அண்ணன் பெக்னுவின் கல்கோபுரம், முன்னோர்கள் காவலுக்குக் கட்டியது, நின்றது. பாகம் பிரித்தபோது வீடு தம்பிக்கு, கோபுரம் அண்ணனுக்கு. பெக்னு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் வைக்கோல் வண்டியோடு வரும்போது பனிச்சரிவு அவனை அள்ளிக்கொண்டு போனது. மே மாதம் பனி கரைந்த பிறகுதான் கிடைத்தான். கோபுரத்தை யாரும் பெயர் மாற்றவில்லை.

சத்தியத்துக்கு முதல் நாள் ரோஸ்டோம் தன் மூன்று மெஷின்களையும் அந்தக் கோபுரத்துக்குள் சுமந்து போனான். நடுவில் நின்று, வெட்கமாக இருந்தாலும், வாய்விட்டே சொன்னான்: “பெக்னு, இது மூணும் இனிமே உன்னோடது. இதுல வர்றதும் உன்னோடது. நான் அப்பப்ப கைமாத்தா எடுத்துக்கறேன், அவ்வளவுதான்.” ஒரு பொருளைக் கைமாற்றும்போது செய்ய வேண்டியபடி ஒரு கோப்பை சாராயத்தைத் தரையில் ஊற்றினான். பெக்னு பெயரில் ஒரு வாலட் திறந்தான். தன் பெயரில் இருந்த வாலட்டைத் துடைத்துக் காலி செய்தான். மறுநாள் சுத்தமான மனசோடு படத்தின் மேல் கை வைத்து, “என் பேர்ல மெஷினும் இல்ல, அதோட காசும் இல்ல. இருந்தா என் வம்சம் என்னோட அத்துப்போகட்டும்” என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தன் சாமர்த்தியத்தை எண்ணி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

மூன்று பழைய மெஷின்கள் தனியாக ஒரு பிளாக்கை மூடுவது லாட்டரி மாதிரி. முன்பு ஆயிரம் பேரோடு கூட்டுச் சேர்ந்து வந்ததில் துளித்துளியாகப் பங்கு வாங்கினான். தடம் தெரியக்கூடாது என்று அதை விட்டுவிட்டான். ஆகவே பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. போன டிசம்பரில் ஒருநாள் வெகுமதி விழுந்தது, முழு பிளாக். பத்து நாளில் இன்னொன்று. கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று.

“உயிரோட இருந்தப்ப சீட்டுல ஒரு ஆட்டம் ஜெயிச்சவன் இல்ல. செத்தப்புறம் பாரு, அடிச்சு நொறுக்கறான்” என்று லாமாராவிடம் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அவன் பேரைச் சும்மா சும்மா இழுக்காதே. இது அவங்க வர்ற வாரம்.”

கிறிஸ்துமஸுக்குப் பின் வருகிற லிபானாலி வாரம். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகிற நாட்கள். மாலையில் கதவைத் திறந்துவைத்து, மேசையில் அவர்களுக்கு முதலில் பரிமாறி, அவர்கள் சாப்பிடும்வரை வீட்டார் வாய் திறக்காமல் ஓரமாக நிற்பார்கள். பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. அந்த வாரத்தில் யாரும் வீட்டை விட்டு வெளியூர் போக மாட்டார்கள். விருந்தாளியை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்காரன் கிளம்பிப் போவானா?

கோழிகள் செத்த அன்றே மத்தியானம் ரோஸ்டோம் பெரிய காரியம் ஒன்று செய்தான். கோடைக்கு மலையேற வருகிறவர்களை ஏற்றி இறக்க ஒரு டெலிகா வேன் பார்த்து வைத்திருந்தான். கீழே சுக்திதி நகரத்தில் கிரிப்டோ காசை வாங்கிக்கொண்டு லரி நோட்டாகத் தருகிற ஆள் ஒருவன் உண்டு. பெக்னு வாலட்டில் இருந்த மொத்தத்தையும் அவனுக்கு அனுப்பினான். கட்டணம் வைக்கிற இடத்தில் வழக்கம்போல ஆகக் குறைந்ததை வைத்தான். நேற்று மாதிரி யாராவது மிச்சத்தைக் கட்டினால் கட்டட்டும் என்று நினைத்துக்கொண்டதும் உண்மை.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து பார்த்தான். காசு இன்னும் வரிசையில்தான் இருந்தது. ஆனால் கட்டணம் ஏறியிருந்தது. நேற்றைய கோழிக்கணக்கைப் போல இருபது மடங்கு. உலகம் முழுக்க அனுப்புகிற கூட்டம். இதுவும் போதவில்லை போலிருக்கிறது. இன்னும் எவ்வளவு வைத்தால் ஏறும் என்று கீழே சிறிய எழுத்தில் காட்டியது. ரோஸ்டோம் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் இப்போது மனசுக்குள் எதைக் கோழிக்கணக்கு என்று சொல்லிக்கொண்டோம் என்பது அவனுக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

அவன் போர்வையை உதறிவிட்டுச் செருப்பில்லாமல் கொட்டகைக்கு ஓடினான்.

மாடு நின்றுகொண்டிருந்தது. நின்றபடியே, வாயில் பாதி மென்ற வைக்கோலோடு, காதுகூட மடங்காமல் நின்றுகொண்டிருந்தது. கொட்டகையில் சாணத்தின் வெதுவெதுப்பான வாடை இன்னும் போகவில்லை; தொட்டியில் தண்ணீர் தளும்பியது; அவன் கையை அதன் விலாவில் வைத்ததும் தோல் பிடித்துக்கொண்டது, குளிர்காலத்தில் இரும்புக் கதவைத் தொட்டால் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. கையைப் பிய்த்து எடுத்தான்.

மாடு செத்த செய்தி ஊருக்குள் போவதற்கு எவ்வளவு நேரமாகும்? மத்தியானம் முர்சகான் வந்தார். சர்ச்சில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கியவர் அவர்தான். மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், தடியால் தட்டிப் பார்த்தார், தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கோபுரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, அன்னைக்குச் சொன்னது நெசந்தானே?”

“என் பேர்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன், மாமா. இல்ல.”

“உன் பேர்ல இல்ல. சரி.” முர்சகான் தலையை ஆட்டினார். “அப்ப யார் பேர்ல இருக்கு?”

பெரியவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் வாசலில் கட்டியிருந்த ரோஸ்டோமின் நாயைத் தட்டிக்கொடுத்ததும், அது வாலை ஆட்டியதும் ரோஸ்டோமுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கைபேசியைப் பார்த்தபோது கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவன் நாயைப் போய்ப் பார்க்கவில்லை. குரைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது, அது போதும்.

பாக்கி இருக்கிற எண்ணைப் பார்த்தான். சொற்பம்தான். மாட்டைவிடச் சிறியது ஒன்று போதும்.

இனி இந்த வளாகத்தில் உயிரோடு சூடாக இருப்பவை மூன்று. மூன்றும் வீட்டுக்குள் இருந்தன.

நான்கு மணிக்கே மலை நிழல் முற்றத்தை மூடியது. உள்ளே இரும்பு அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. லாமாரா கறி அடைத்த குப்தாரி ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கறியும் பூண்டும் மலை உப்பும் கலந்த வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. நெஸ்தான் மேசையில் தட்டுகளை வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் இது யாருக்கு, அது யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இது பெக்னு பெரியப்பாவுக்கா? அவருக்குக் கறி அதிகம் வேணுமா? அவரு குண்டா ஒல்லியா?”

ரோஸ்டோம் மனைவியைச் சமையல் மூலைக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னான். தாழ்ந்த குரலில், முகத்தைப் பார்க்காமல், சாராயம் ஊற்றியது வரை. அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அடிக்கவில்லை. கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“செத்தவனுக்கு மூணு மெஷினைக் குடுத்தியே, அவன் அதுக்குக் கட்டணம் எதுல கட்டுவான்னு யோசிச்சியா? அவன்கிட்ட என்னடா இருக்கு கட்ட?”

“நெஸ்தானைக் கூட்டிக்கிட்டு முர்சகான் வீட்டுக்குப் போயிடு.”

“அவங்க உள்ள வந்தாச்சு. மேசை போட்டாச்சு. இப்ப எழுந்து போனா அவங்களும் பின்னாலயே வருவாங்க.” அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. “போய் நிறுத்து. இப்பவே போ. அவகிட்டருந்து கண்ணை எடுக்காம நான் இங்கயே இருக்கேன். நீ போ.”

முற்றம் இருபது தப்படி. அவன் எண்ணிக்கொண்டே நடந்தான். பனி நொறுங்குகிற ஓசை காலுக்கடியில் ஒன்று, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி இன்னொன்று. கோபுரத்தின் தாழ்ந்த கதவுக்குள் குனிந்து நுழைந்தான். மூன்று மெஷின்களின் விசிறிகளும் ஒரே சுருதியில் இரைந்தன, பச்சை விளக்குகள் சிமிட்டின. முன்பெல்லாம் உள்ளே நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும், சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், ஜன்னல் பொந்தில் பனி தங்காது. இப்போது விசிறிகளிலிருந்து வந்த காற்று குளிர்ந்திருந்தது. வெறும் குளிர் அல்ல. அதில் ஒரு வாடை இருந்தது. ஈரக் கம்பளி, சேறு, நைந்த வைக்கோல். மே மாதத்தில் பெக்னுவைத் தோண்டி எடுத்தபோது அடித்த அதே வாடை.

மெஷின்கள் தின்கிற அவ்வளவு மின்சாரத்தின் சூடும் எங்கே போகிறது?

அவன் முதல் மின்கம்பியைப் பிடுங்கினான். இரண்டாவதை. மூன்றாவதை. மூன்று செருகிகளும் அவன் கையில் தொங்கின.

விசிறிகள் நிற்கவில்லை.

சுருதிகூட மாறவில்லை.

மேல்தளத்தில், ஏணிக்கு அப்பால், பலகை முனகியது. யாரோ உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருக்களித்து வசதியாக உட்கார்ந்துகொள்வது போல. ரோஸ்டோம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கழுத்தே முடிவு செய்துவிட்டது. மெஷின்களுக்குப் பக்கத்தில் இருந்த லேப்டாப்பைத் திறந்தான். விரல்கள் மரத்துப்போய் எழுத்துகளைத் தவறாகத் தட்டின.

ஒரு வழிதான் இருந்தது. அனுப்பி வரிசையில் நிற்கிற காசின் கட்டணத்தைக் கூட்டலாம். கட்டணம் போதுமானதாக ஆகிவிட்டால் வேறு யாரும் எதையும் கட்ட வேண்டியதில்லை. ரோஸ்டோம் தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தான். சுக்திதிக்காரனுக்கு ஒரு தூசியை மட்டும் விட்டுவிட்டு, வேன், கோடைக்காலம், ஐந்து பிளாக் வெகுமதி எல்லாவற்றையும் அள்ளிக் கட்டணத்தில் வைத்தான்.

“எல்லாத்தையும் நீயே வெச்சிக்க, அண்ணா” என்றான். அவன் பற்கள் ஒன்றோடொன்று தட்டின. “எனக்கு ஒண்ணும் வேணாம். வீட்டுப் பக்கம் மட்டும் வராதே. உன் கால்ல விழறேன்.”

பொத்தானை அழுத்தினான்.

விசிறிகளின் இரைச்சல் ஏறியது, ஏறியது, கல்லெல்லாம் அதிர்ந்தது. பிறகு நடு மெஷினில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணைந்தது. அவனுடைய மூன்று பழைய மெஷின்களே அந்த பிளாக்கை மூடிவிட்டன. வெகுமதியும், அவன் வைத்த அத்தனை கட்டணமும், பெக்னு வாலட்டில் போய் விழுந்தன. வரிசையில் எதுவும் இல்லை. பாக்கி எதுவும் இல்லை. கட்டியாயிற்று.

ரோஸ்டோம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். கண்ணீர் வந்தது, கன்னத்திலேயே உறைந்தது. பிழைத்தோம் என்று நினைத்தான். கஞ்சனுக்கும் கடவுள் ஒருமுறை கையைத் திறந்துவிடுகிறார் என்று நினைத்தான். எழுந்து போய் மகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு காலை ஊன்றினான்.

திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

அவன் எதையும் தட்டவில்லை. பெக்னு வாலட்டிலிருந்து மொத்தப் பணமும் கிளம்பியிருந்தது. போகிற முகவரியைப் படித்தான். அவனுக்கு மனப்பாடமான முகவரி. சத்தியத்துக்கு முதல் நாள் துடைத்துக் காலி செய்த, அவன் பெயரில் இருந்த வாலட்.

“வேணாம்” என்றான். “என் பேர்ல வேணாம். என் பேர்ல வேணாம் அண்ணா.”

கட்டணம் என்ற இடம் காலியாக இருந்தது.

மேலே பலகை மறுபடி முனகியது. பிறகு குரல். பேய்க்குரல் ஒன்றும் இல்லை. தொண்டையில் கொஞ்சம் பனி அடைத்தது போன்ற, பழகிய, பாசமான குரல். ஒரு ரொட்டி கிடைத்தாலும் இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை நீட்டுகிறவனின் குரல்.

“தம்பிக்கு இல்லாம நான் மட்டும் வெச்சிப்பேனாடா? எடுத்துக்க. கட்டணத்தை நான் பாத்துக்கறேன்.”

காலியிடத்தில் எண்கள் ஓட ஆரம்பித்தன. கோழியைத் தாண்டின. நாயைத் தாண்டின. மாட்டையும் தாண்டி ஓடின. இத்தனை பெரிய கட்டணத்தை அவன் எங்கும் பார்த்ததில்லை.

நின்றன.

சேர்ந்துவிட்டது என்றது திரை.

அவன் ஓடினான். கதவு நிலையில் நெற்றி இடித்தது. முற்றம். பனி. விழுந்தான். எழுந்தான். இருபது தப்படி முடியவே இல்லை. மேசைக்காகத் திறந்துவைத்த கதவு திறந்தே இருந்தது.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விறகு சடசடத்தது. ஆனாலும் வீடு குளிர்ந்திருந்தது. லாமாரா மேசையின் ஓரத்தில் நெஞ்சில் கை வைத்து நின்றிருந்தாள். அவள் மூச்சு வெள்ளையாக வந்துவந்து போயிற்று. நெஸ்தான் இறந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குப்தாரித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

உயிரோடு இருந்தாள். ஐயோ, உயிரோடு இருந்தாள்.

“நின்னுடுச்சா?” என்று கேட்டாள் லாமாரா. “நான் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கல. விளக்கு மட்டும் ஒரு தரம் மங்குச்சு. அவ இங்கயேதான் இருந்தா. நின்னுடுச்சா, சொல்லேன்!”

நெஸ்தான் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்.

“அப்பா, உங்க ரெண்டு பேர் வாயிலேர்ந்தும் ஏன் புகை வருது?”

அவள் பேசினாள். சிரித்தாள். அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

ரோஸ்டோம் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வீரிட்டு அலறினாள். “சுடுது! அப்பா, சுடுது, விடு!” அவன் கையை உதறி எடுத்தான். சின்ன மணிக்கட்டில் அவனுடைய ஐந்து விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை சிவப்பாகி, சிவப்பு உப்பி, கொதிநீர் பட்டது போல ஐந்து கொப்புளங்கள் எழுந்தன.

“என்ன செஞ்ச குழந்தையை?” என்று லாமாரா அவனை ஒரு பக்கம் தள்ளினாள். மணிக்கட்டை அவள் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டாள். “வா கண்ணு. ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட வா.”

தொடாதே என்று கத்த ரோஸ்டோம் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை, வெறும் வெள்ளைப் புகைதான் வந்தது.

லாமாரா இரண்டு கைகளையும் அகல விரித்தாள். அழுதுகொண்டே, கன்னத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொள்ள, நெஸ்தான் ஓடி வந்தாள்.